குழாய்க்குள் போகும் முன்: எரிவாயுவை உலர்த்துவது பற்றி நம் ஊரில் கேட்கப்படும் கேள்விகள்

நான் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், சிகாமட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். அப்பா பால் வெட்டினார். அம்மா புகைக்கொட்டகையில் ரப்பர் ஷீட் தொங்கவிடும் வேலை பார்த்தார். படிப்பு முடிந்ததும் கிழக்குக் கரைக்குப் போய், எரிவாயு பதனிடும் ஆலை ஒன்றில் ஆப்பரேட்டராக இருபத்தாறு ஆண்டுகள் ஷிப்ட் வேலை செய்தேன். ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பிறகு, கோயில் மண்டபத்திலும் சாப்பாட்டுக் கடையிலும் தமிழ்ப்பள்ளியிலும் இதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். குழாய் நம் வீட்டுப் பின்புறமாகத்தானே போகிறது, கேட்கத்தான் செய்வார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

அண்ணே, செம்பனைத் தோட்டத்துக்குள் புதைத்திருக்கிறார்களே, அந்தக் குழாயில் ஓடுவது நம் அடுப்பு கேஸ்தானா?

இல்லை. அடுப்புக்குத் தோம்பில், அதாவது சிலிண்டரில், வருவது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. அழுத்தினால் திரவமாகிவிடும், அதனால்தான் 14 கிலோ தோம்பை ஆட்டினால் உள்ளே தளும்புகிறது. குழாயில் ஓடுவது பெரும்பாலும் மீத்தேன். அது காற்றைவிட இலேசானது, கசிந்தால் மேலே போகும். தோம்பு கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போய் மேசைக்கு அடியில் தேங்கும். சமையலறையில் இந்த வேறுபாட்டை மறக்க வேண்டாம்.

ஆனால் இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான். திரெங்கானு கடலுக்கு அடியிலிருந்து வரும் வாயுவில் மீத்தேன், ஈத்தேன், புரோப்பேன், பியூட்டேன் எல்லாம் சேர்ந்தே இருக்கும். கெர்த்தே பகுதியில் உள்ள ஆலைகள் அவற்றைப் பிரிக்கின்றன. ஈத்தேன் பிளாஸ்டிக் செய்யும் தொழிற்சாலைகளுக்குப் போகிறது, புரோப்பேனும் பியூட்டேனும் தோம்புக்குப் போகின்றன, மீத்தேன் தீபகற்பம் முழுவதும் ஓடும் குழாய்த்தடத்தில் ஏறுகிறது. அந்தத் தடத்தின் முதல் கட்டம் 1984-இல் முடிந்தது. 1990-களின் தொடக்கத்தில் அது சிகாமட் வரை வந்து இரண்டாகப் பிரிந்தது. ஒரு கை கிள்ளான் பக்கம் போனது, மறு கை ஜொகூர் தெற்கே போய் 1992 முதல் சிங்கப்பூருக்கும் வாயு கொடுத்தது. பிறகு வடக்கே பெர்லிஸ் வரை நீட்டினார்கள். இன்று மொத்த நீளம் சுமார் 2,500 கிலோமீட்டர். நம் ஊர் அதில் ஒரு முக்கியமான சந்தி.

வாயுவில் எப்படித் தண்ணீர் வரும்? வாயு என்றால் வாயுதானே?

பூமிக்கு அடியில் வாயு தனியாக இருப்பதில்லை. பாறைத் துளைகளுக்குள் உப்புத் தண்ணீரோடு கோடிக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்தே கிடக்கிறது. சூடான இடம் வேறு. அதனால் அது தாங்கக்கூடிய அளவுக்கு நீராவியைக் குடித்துவிட்டுத்தான் மேலே வரும்.

கணக்கைச் சொன்னால் புரியும். வாயு 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், 70 பார் அழுத்தத்தில் (நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பார்), ஈரம் நிரம்பி இருக்கிறது என்று வையுங்கள். அப்படிப்பட்ட வாயு ஒரு நாளைக்கு 10 கோடி கன அடி வந்தால், அதாவது 28 லட்சம் கன மீட்டர், அதோடு சேர்ந்து ஏறத்தாழ ஒன்றே முக்கால் டன் தண்ணீர் வருகிறது. 200 லிட்டர் டிரம்மில் பிடித்தால் ஒன்பது டிரம். ஒரு துளியும் கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடிக் குழாயில் ஓடவிட்டுப் பார்த்தாலும் வெறும் வாயுவாகத்தான் தெரியும். குளிர்ந்தால் மட்டும் வெளியே வந்து நிற்கும். விடிகாலையில் பால் வெட்டப் போகும்போது இலையெல்லாம் நனைந்திருக்குமே, மழை பெய்யாமலே, அதே கதைதான்.

வாயு எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் முதல் துளி வெளியே வருமோ, அதற்குப் பனிநிலை என்று பெயர். ஆலையில் எங்கள் ஷிப்ட் முழுக்க இந்த ஒரு எண்ணைச் சுற்றித்தான் ஓடும்.

கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் என்ன? அதுவும் எரிந்து போய்விடாதா?

எரிகிற இடத்துக்கு வந்து சேர்ந்தால் ஆவியாகப் போய்விடும். வந்து சேராது என்பதுதான் பிரச்சினை.

முதலில் துரு. வாயுவில் கரியமில வாயு இருக்கிறது. அது தண்ணீரில் கரைந்தால் கார்பானிக் அமிலம். எஃகுக் குழாயின் உட்சுவரை அது மெல்ல அரிக்கும். ஹைட்ரஜன் சல்பைடும் இருந்தால் எஃகு அரிபடுவதோடு நிற்காது, உள்ளே விரிசலும் விடும். ஈரம் இல்லையென்றால் இந்த இரண்டு வாயுக்களும் எஃகை அவ்வளவாகத் தொடுவதில்லை. அமிலம் ஆவதற்குத் தண்ணீர் வேண்டும். குழாய் மேடு பள்ளமாகப் போகிறது. பள்ளத்தில் தண்ணீர் தேங்கும், தேங்கிய இடத்திலேயே அரிப்பு நடக்கும், மேலே நின்று பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

2000 ஆகஸ்ட் 19 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், கார்ல்ஸ்பாட் என்ற ஊருக்கு அருகே, பெக்கோஸ் ஆற்றங்கரையில் ஒரு குடும்பத்தார் கூடாரம் போட்டுத் தங்கியிருந்தார்கள். பக்கத்தில் புதைந்திருந்த 30 அங்குலக் குழாய் விடியும் முன்னே வெடித்தது. குழந்தைகள் உட்பட 12 பேர் இறந்தார்கள். குழாயை வெட்டிப் பார்த்தபோது, தாழ்வான இடத்தில் ஈரமும் அழுக்கும் தேங்கி, சுவரின் தடிமனில் பாதிக்கு மேல் உள்ளிருந்தே அரித்துப் போயிருந்தது. புதிதாகச் சேர்ந்த பையன்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம் இதுதான். அவர்கள் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ஹைட்ரேட். இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். தண்ணீர் மூலக்கூறுகள் அழுத்தத்தில் ஒன்றோடொன்று கைகோத்துக் கூண்டு மாதிரி நிற்கும், அந்தக் கூண்டுக்குள் மீத்தேன் மாட்டிக்கொள்ளும். பார்ப்பதற்குப் பனிக்கட்டி மாதிரியே இருக்கும், தீ வைத்தால் எரியும். ஒரு கன மீட்டர் ஹைட்ரேட்டுக்குள் 160 கன மீட்டருக்கும் மேல் வாயு அடங்கும். பனிக்கட்டி உறைவதற்குப் பூஜ்யம் டிகிரி வேண்டும், இதற்கு வேண்டாம். 70 பார் அழுத்தத்தில் இயற்கை எரிவாயு சுமார் 15 டிகிரியிலேயே இப்படிக் கட்டிவிடும். ஆரம்ப காலத்தில் குழாய் அடைத்துக்கொண்டபோது பனி உறைந்துவிட்டது என்றே நினைத்தார்கள். அடைப்பது பனி அல்ல, ஹைட்ரேட் என்பதை 1934-இல் ஹேமர்ஷ்மிட் என்ற அமெரிக்கர் காட்டினார். வாயுவை உலர்த்துவது ஒரு தொழிலாக வளர அதுவும் ஒரு காரணம்.

இங்கே அடிக்கிற வெயிலுக்கு எங்கே ஐயா பனிக்கட்டி? அதெல்லாம் ரஷ்யா, கனடாவுக்குத்தானே?

எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அழுத்தத்தில் இருக்கும் வாயுவைச் சட்டென்று தளர்த்தினால் அது தானே குளிரும். சைக்கிள் டயரின் காற்றைத் திறந்துவிட்டால் சீறி வரும் காற்று சில்லென்று இருக்கிறதே, அதைக் கையில் உணர்ந்திருப்பீர்கள். இயற்கை எரிவாயு ஒரு பார் குறைந்தால் தோராயமாக அரை டிகிரி குளிரும். குழாயில் 70 பாரில், 28 டிகிரியில் வருகிறது. தொழிற்சாலைக்குக் கொடுப்பதற்காக ஒரு வால்வில் 20 பாருக்கு இறக்குகிறார்கள். 50 பார் குறைந்தது, 25 டிகிரி போனது, மிச்சம் 3 டிகிரி. வெளியே நட்டநடு வெயில், வால்வுக்குள் மார்கழி. ஈரம் இருந்தால் அங்கேயே ஹைட்ரேட் கட்டும். வாயுவைச் சூடாக்கிவிட்டு இறக்குவது வழக்கம், ஆனால் சூடாக்கும் கருவி ஒரு நாள் நின்றுபோகலாம்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் நான் இதைக் கண்ணால் பார்த்தேன். மதியம் இரண்டு மணி, தலையில் கடுமையான வெயில். ஒரு வால்வு மேல் வெள்ளையாக உறைபனி படிந்திருக்கிறது. விரலால் தொட்டேன், ஒட்டிக்கொண்டது. வெளியே படிவது காற்றின் ஈரம், அதனால் ஆபத்து இல்லை. ஆனால் அன்றைக்கு உள்ளேயும் கட்டியிருந்தது. உலர்த்தும் பகுதி முதல் நாள் இரவே சரியாக வேலை செய்யவில்லை, யாரும் பனிநிலை எண்ணைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் சுத்தியலால் தட்டலாமா என்று கேட்டேன். மூத்த ஆப்பரேட்டர் என் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். அடைப்பின் ஒரு பக்கம் மட்டும் அழுத்தம் குறைந்தால், அந்தக் கட்டி துப்பாக்கிக் குண்டு மாதிரி பாய்ந்து குழாயின் வளைவையே உடைத்துக்கொண்டு போகும். இரண்டு பக்கமும் சமமாக, மெதுவாக அழுத்தத்தை இறக்கி, அது தானாகக் கரையக் காத்திருந்தோம். இரவு ஒன்பதரை ஆனது.

சரி, எப்படித்தான் உலர்த்துகிறார்கள்?

எங்கள் அம்மாவின் வேலையை வைத்தே இதைப் பலருக்கு விளக்கியிருக்கிறேன். பாலை உறையவைத்த பிறகு ஷீட்டை நேரே புகைக்கொட்டகைக்குக் கொண்டுபோக மாட்டார்கள். முதலில் உருளைக்குள் விட்டுப் பிழிவார்கள், சொட்டுகிற தண்ணீர் எல்லாம் அங்கேயே போகும். பிழிந்து எடுக்க முடியாத ஈரத்தைத்தான் புகையும் சூடும் நாலைந்து நாளில் எடுக்கும். வாயுவுக்கும் இதே இரண்டு படிதான்.

பிழிகிற வேலையைச் செய்வது பிரிகலன். பெரிய எஃகு உருளை. வாயு அதற்குள் நுழைந்ததும் வேகம் குறைகிறது, துளியாக இருக்கும் தண்ணீரும் எண்ணெயும் மணலும் அடியில் விழுகின்றன. மேலே கம்பி வலைத் திண்டு ஒன்று, மூடுபனி மாதிரி இருக்கும் சின்னத் துளிகளைப் பிடிக்கும்.

புகைக்கொட்டகை வேலையை பெரும்பாலான இடங்களில் கிளைக்கால் செய்கிறது. டிரை எத்திலீன் கிளைக்கால் என்பது முழுப்பெயர், நாங்கள் டி.இ.ஜி. என்போம். தேன் மாதிரி கொஞ்சம் கெட்டியான திரவம், தண்ணீர் என்றால் அதற்கு அவ்வளவு ஆசை. உயரமான கோபுரத்தில் மேலிருந்து கிளைக்கால் தட்டுத் தட்டாக வழிந்து இறங்கும், கீழிருந்து வாயு அதைத் துளைத்துக்கொண்டு ஏறும். ஏற ஏற வாயு உலர்கிறது, இறங்க இறங்க கிளைக்கால் நனைகிறது. ஒரு கிலோ தண்ணீரை எடுக்க 17 முதல் 40 லிட்டர் வரை கிளைக்கால் சுற்ற வேண்டியிருக்கும்.

நனைந்த கிளைக்காலைக் கொட்டிவிடுவதில்லை. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், கிளைக்கால் கொதிக்க 280-க்கும் மேல் வேண்டும். அதனால் நனைந்ததை 200 டிகிரி வரை சூடாக்கினால் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், கிளைக்கால் தங்கிவிடும். 204-ஐத் தாண்ட விடமாட்டோம், அதற்கு மேல் கிளைக்காலே சிதைந்து கறுத்துவிடும். இப்படிச் சூடாக்கினால் 98.5 முதல் 99 சதவீதம் வரை சுத்தமாகும். கொஞ்சம் உலர்ந்த வாயுவை அதற்குள் ஊதினால் 99.9 வரை போகும். 99-க்கும் 99.9-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். பனிநிலையில் அது பல டிகிரி.

இந்தப் பகுதியில் வரும் தொல்லைகளில் என்னை அதிகம் அலைக்கழித்தது நுரை. பிரிகலன் சரியாகப் பிடிக்காத எண்ணெய்த் துளியும் உப்பும் கிளைக்காலில் கலந்தால், சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைத்துக்கொண்டு வாயுவோடு மேலே ஏறிப் போய்விடும். அதனால்தான் வடிகட்டியை நேரத்துக்கு மாற்று, மாற்று என்று கத்துவோம். இன்னொன்று: சூடாக்கும்போது வெளியே வரும் ஆவியில் பென்சீனும் இருக்கும். அது புற்றுநோய் தரும் பொருள். அந்த ஆவியைக் குளிர்வித்துப் பிடிக்க வேண்டும் அல்லது எரிக்க வேண்டும், காற்றில் விடக் கூடாது. பக்கத்தில் நின்று வேலை செய்பவன் உயிர் அது.

மூலக்கூறு சல்லடை என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அது எங்கே வருகிறது?

புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் சிறு பொட்டலம் வருமே, அதில் இருக்கும் சிலிக்கா ஜெல்லும் ஈரத்தைப் பிடிக்கும் வேலைதான் செய்கிறது. சல்லடை அதைவிடக் கூர்மையானது. சியோலைட் என்ற மண்மணி, அதன் துளைகள் எல்லாம் ஒரே அளவு, ஒரு மீட்டரைப் பத்து லட்சமாக வகுத்து, அதை மறுபடி பத்தாயிரமாக வகுத்து, அதில் மூன்று நான்கு பங்கு. தண்ணீர் மூலக்கூறு அதற்குள் நுழைந்து ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் ஆலையில் ஈத்தேனையும் புரோப்பேனையும் பிரிப்பதற்கு வாயுவைச் சுமார் மைனஸ் 90 டிகிரிக்குக் குளிர்விப்போம். அந்தக் குளிரில் கிளைக்கால் விட்டுவைத்த ஈரம்கூட உறைந்து அடைக்கும். அதனால் சல்லடை வழியாக விட்டு, பத்து லட்சத்தில் 0.1 பங்குக்கும் கீழே கொண்டுவர வேண்டும். இரண்டு மூன்று கோபுரம் இருக்கும். ஒன்று உறிஞ்சும்போது இன்னொன்றுக்குள் 200 முதல் 300 டிகிரி சூட்டு வாயுவை விட்டுக் காயவைப்போம், பிறகு ஆறவிட்டு மாற்றுவோம்.

குழாயில் ஏற்றுவதற்கு எவ்வளவு உலர்ந்திருந்தால் போதும்?

நாட்டுக்கு நாடு, ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். அமெரிக்காவில் பரவலாக உள்ள வரம்பு பத்து லட்சம் கன அடிக்கு 7 பவுண்டு. நம் கணக்கில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 110 மில்லிகிராம். பழைய லயத்து வீட்டின் ஓர் அறை நிறைய வாயு இருந்தால், அதில் ஒரு தேக்கரண்டித் தண்ணீர். இப்போது நீங்கள் மூச்சு விடும் சிகாமட் காற்றில் அதைப்போல இருநூறு மடங்கு ஈரம் இருக்கிறது. குளிர்நாடுகளில் வரம்பு இன்னும் இறுக்கமாக, 4 பவுண்டுக்கே இறங்கும்.

தண்ணீரைத் தவிர வேறு என்னென்ன எடுக்கிறார்கள்?

கரியமில வாயு, ஹைட்ரஜன் சல்பைடு, பாதரசம். தண்ணீரை எடுத்து முடித்தபின் இவை என்று நினைக்க வேண்டாம். கரியமில வாயுவையும் சல்பைடையும் எடுப்பது பொதுவாக உலர்த்தும் முன்னாலேயே. ஏனென்றால் அதற்குப் பயன்படுவது அமீன் என்ற வேதிப்பொருளைத் தண்ணீரில் கலந்த கரைசல். வாயு அதில் குளித்து மறுபடி நனைந்துதான் வெளியே வரும்.

அமீன் முறைக்கு 1930-இல் அமெரிக்காவில் பாட்டம்ஸ் என்பவர் காப்புரிமை பெற்றார். அன்றைய அடிப்படை இன்றும் மாறவில்லை. குளிர்ந்த நிலையில், அழுத்தத்தில், அமீன் அந்த வாயுக்களைப் பிடித்துக்கொள்ளும். 120 டிகிரிக்குச் சூடாக்கி அழுத்தத்தைக் குறைத்தால் விட்டுவிடும். மறுபடி பயன்படுத்தலாம். ஹைட்ரஜன் சல்பைடு பத்து லட்சத்தில் 4 பங்குக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பல ஒப்பந்தங்களில் உள்ள அளவு. கரியமில வாயு இரண்டு மூன்று சதவீதம் வரை இருக்கலாம். மலேசியக் கடலில் சில எரிவாயு வயல்களில் கரியமில வாயு மிக அதிகம். அங்கே கடல் மேடையிலேயே சவ்வு வைத்துப் பிரிப்பதும் உண்டு.

பாதரசம் மிகக் கொஞ்சமாகத்தான் வரும், ஆனால் குளிரூட்டும் பகுதியில் உள்ள அலுமினிய வெப்பமாற்றியைத் தின்றுவிடும். 1973-இல் அல்ஜீரியாவின் ஸ்கிக்தா ஆலையில் அப்படித்தான் ஒன்று உடைந்தது. அதற்கு முன் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது கந்தகம் ஏற்றிய கரி மணிகள் வழியாக வாயுவை விட்டுப் பாதரசத்தைப் பிடிக்கிறார்கள்.

சுத்தம் செய்த கேஸ் ஏன் நாறுகிறது?

மீத்தேனுக்கு மணமே இல்லை. நாற்றம் வேண்டுமென்றே சேர்ப்பது. 1937 மார்ச் 18 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் நியூ லண்டன் பள்ளியில் மணமில்லாத வாயு கசிந்து வெடித்து, ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் மெர்கேப்டன் சேர்ப்பது சட்டமானது. அது கந்தகச் சேர்மம், பெத்தாய் சாப்பிட்டபின் வரும் வாடையும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். காற்றில் மிகச் சிறிதளவு இருந்தாலே மூக்குக்குத் தெரியும்.

புதுக் குழாய்க்குள் தண்ணீர் நிரப்பினார்களே, அப்போது மட்டும் நனையாதா?

நனையும். குழாய் தாங்குமா என்று தண்ணீர் அழுத்தத்தில் சோதிப்பது கட்டாயம், வாயுவில் சோதித்தால் உடைந்தால் வெடிக்கும். முடிந்ததும் பிக் என்று நாங்கள் சொல்லும் அடைப்பான்களை உள்ளே ஓடவிட்டுத் தண்ணீரைத் தள்ளுவார்கள், பிறகு பஞ்சு நுரை அடைப்பான்கள், பிறகு உலர்ந்த காற்று, பனிநிலை மைனஸ் 20-க்குக் கீழே இறங்கும் வரை. நாள் கணக்காகும். அதன் பிறகுதான் வாயு.

மலாக்காவில் கப்பலில் வரும் கேஸையும் உலர்த்துவார்களா?

தேவையில்லை. சுங்கை ஊடாங்கில் 2013 முதல் இறங்குவது மைனஸ் 162 டிகிரியில் திரவமாக்கிய வாயு. திரவமாக்குவதற்கு முன்பே அனுப்பிய நாட்டில் முழுக்க உலர்த்தியாகிவிட்டது.

புத்ரா ஹைட்ஸ் தீ இந்த ஈரத்தால் வந்ததா?

2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் காலை, சிலாங்கூரின் புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் உடைந்து தீப்பிடித்தது. அந்தப் படத்தைப் பார்த்த இரவு நான் தூங்கவில்லை. நம் மக்கள் பலரும் அங்கே வீடு இழந்தார்கள். ஜூன் 30 அன்று வெளியான விசாரணை முடிவு, குழாய்க்கு அடியில் இருந்த மண் ஈரத்தில் இளகி, தாங்குதல் போய், குழாய் திரும்பத் திரும்ப அசைந்து களைத்தது என்று சொன்னது. ஆகவே அது வெளியே இருந்த தண்ணீர். உள்ளே ஓடிய வாயுவின் ஈரம் அல்ல. இரண்டையும் குழப்பிப் பேசுவதை நான் பல இடங்களில் கேட்டேன், அதனால் இதைத் தனியாகச் சொல்கிறேன். குழாய்த்தடத்தின் எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் கால்வாய் வெட்டுவதோ மண் கொட்டுவதோ இருந்தால், முதலில் அதில் உள்ள எண்ணுக்குப் போன் போடுங்கள்.

நம் செம்பனை ஆலைக் குளத்தில் வரும் கேஸையும் இப்படிச் செய்யலாமா?

செய்யலாம், செய்கிறார்கள், இன்னும் அதிகமாகச் செய்ய வேண்டும். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன் என்று வீட்டில் சொல்வார்கள்.

ஒரு டன் பழக்குலையை ஆலையில் போட்டால் சுமார் 0.65 கன மீட்டர் கழிவுநீர் வரும். அது திறந்த குளத்தில் கிடந்தால் கிருமிகள் அதைத் தின்று மீத்தேனை வானத்துக்கு விடும். நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் பூமியைச் சூடாக்குவதில் மீத்தேன் கரியமில வாயுவைப்போல 28 மடங்கு. குளத்தை மூடினால் ஒரு கன மீட்டர் கழிவுநீரிலிருந்து சுமார் 28 கன மீட்டர் வாயு பிடிக்கலாம். நாளைக்கு 600 டன் பழம் அரைக்கும் ஆலையில் அது ஏறத்தாழ 11,000 கன மீட்டர். 2014 முதல் புதிய ஆலைகளுக்கு மீத்தேன் பிடிக்கும் ஏற்பாடு கட்டாயம் என்று மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் விதித்தது நல்ல முடிவு.

ஆனால் அந்த வாயு கடல் வாயுவைவிட அழுக்கானது. மீத்தேன் 60, 65 சதவீதம்தான், மிச்சம் கரியமில வாயு. ஹைட்ரஜன் சல்பைடு பத்து லட்சத்தில் 1,000 முதல் 3,000 வரை சாதாரணமாக இருக்கும். ஈரம் நிரம்பி வழியும். அப்படியே எஞ்சினில் விட்டால் எஞ்சின் எண்ணெய் புளித்து, பித்தளைப் பாகங்கள் அரித்துவிடும். ஆலை ஒன்றில் இரண்டே ஆண்டில் எஞ்சினைக் கழற்றி வைத்திருப்பதை நான் பார்த்தேன். சல்பைடைக் கழுவும் கோபுரம் போட்டிருந்தார்கள், குளிர்வித்து ஈரம் எடுக்கும் கருவியைச் செலவு என்று விட்டுவிட்டார்கள். குழாயின் தாழ்வான வளைவைத் திறந்தபோது அரை வாளித் தண்ணீர், முகத்தில் அடிக்கும் முட்டை நாற்றம். கழுவு, குளிர்வி, துளியை வடி, அதன் பிறகு எஞ்சின். கரியமில வாயுவையும் பிரித்தால் இயற்கை எரிவாயுவுக்குச் சமமாக அழுத்தி லாரியில் அனுப்பலாம். சிலாங்கூரின் சுங்கை தெங்கியில் 2015-இல் அப்படி ஓர் ஆலை திறந்தார்கள்.

குளத்துப் பக்கம் வேலை செய்கிறேன், முட்டை நாற்றம் வந்தால் ஓடிவிடலாம்தானே அண்ணே?

தம்பி, இதை இரண்டு முறை படி. நாற்றம் வருவதை நம்பாதே. ஹைட்ரஜன் சல்பைடு பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்கும்போதே நாறும். 100-ஐ எட்டினால் மூக்கு மரத்துவிடும், நாற்றம் நின்றுவிட்டது போல இருக்கும். சரியாகிவிட்டது என்று நினைத்து உள்ளே இறங்குவாய். 500-க்கு மேல் மயக்கம், 1,000-இல் ஒன்றிரண்டு மூச்சு. காற்றைவிடக் கனமானதால் குழியிலும் தொட்டியிலும் அடியில் தேங்கி நிற்கும்.

ஒருவர் விழுந்தால் பின்னால் குதிக்காதே. இப்படிக் குதித்துத்தான் ஒருவர் பின் ஒருவராக உயிர் போகிறது. வெளியே நின்று கத்து, 999-ஐ அழை, மூச்சுக்கருவி வரும் வரை காத்திரு. இறங்கும் முன் அங்கீகாரம் பெற்ற வாயுச் சோதகர் அளந்து கையெழுத்துப் போட்டாரா என்று கேள். கேட்டதற்காக யாராவது முகம் சுளித்தால், சுளிக்கட்டும்.

ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வு முடித்த மகனுக்கு இந்த வேலை கிடைக்குமா?

கிடைக்கும். பொறியாளராக வேண்டுமென்றால் வேதிப்பொறியியல், பேராக்கின் ஸ்ரீ இஸ்கண்டாரில் உள்ள பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒரு வழி. ஆப்பரேட்டராகவோ கருவித் தொழில்நுட்பராகவோ வேண்டுமென்றால் திரெங்கானு பத்து ராக்கிட்டில் உள்ள பெட்ரோலியத் தொழில்நுட்பக் கழகம். தொழிற்கல்லூரிகளும் உண்டு. இயற்பியலும் கணிதமும் விடாதீர்கள். இரவு ஷிப்ட் செய்ய மனம் வேண்டும்.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்குப் பனிநிலையைக் காட்ட எளிய வழி இருக்கிறதா, ஐயா?

இருக்கிறது. ஒரு சில்வர் குவளையை வெளியே நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். அறை வெப்பத்தில் உள்ள தண்ணீரைப் பாதி ஊற்றி ஒரு வெப்பமானியை விடுங்கள். ஐஸ் துண்டைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருங்கள். குவளையின் வெளிப்புறம் எந்த எண்ணில் மங்கத் தொடங்குகிறதோ, அதுதான் அந்த அறைக் காற்றின் பனிநிலை. ஆலையில் நாங்கள் பயன்படுத்திய குளிர்கண்ணாடிக் கருவியும் இதையேதான் செய்கிறது, வாயுவை ஒரு சின்னக் கண்ணாடிமேல் விட்டு, அதைக் குளிர்வித்து, எப்போது மங்குகிறது என்று பார்க்கும். இங்கே நம் ஊரில் பெரும்பாலும் 23, 24 டிகிரி காட்டும். மழை பெய்து முடிந்த மாலையில் ஒரு முறையும், நல்ல வெயிலில் ஒரு முறையும், குளிரூட்டிய வகுப்பறையில் ஒரு முறையும் அளந்து பிள்ளைகளையே அட்டவணை எழுதச் சொல்லுங்கள். குளிரூட்டிய அறையில் எண் எவ்வளவு இறங்குகிறது என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.